மூன்று சக்கரக் கார்

ஒற்றைப்பனையூரில் பனைமரம் ஒன்றே ஒன்று. பேண்டு செட்டும் ஒன்றே ஒன்று. ஒரு சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு இரண்டும் சந்தித்துக்கொண்டன.

செட்டில் மொத்தம் நான்கு பேர். பெரிய டிரம் தளவாய் அண்ணாச்சி. மூத்தவர் என்பதால் அவர் சொல்வதுதான் முடிவு. கிளாரினெட் நல்லசிவன். டிரம்பெட் உச்சிமாகாளி, நால்வருக்கும் பொதுவான பச்சைக் காரை ஓட்டுவதும் அவன்தான். நான்காவது ஆள் ஜால்ரா சங்கிலி. தாளத்தை எண்ணியே பழகியவன் ஆதலால், செட்டில் கணக்குத் தெரிந்தவன் என்று அவனுக்குப் பெயர்.

அந்த வாரம் சங்கிலிக்குத் தூக்கம் குறைவு. அடுத்து வரும் வியாழக்கிழமை சாயங்காலம் அவன் அக்கா மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளையை நம் காரில்தான் அழைத்து வருவோம் என்று வாக்குக் கொடுத்திருந்தான். அக்கா தங்கப்பேச்சி அதிகம் பேசமாட்டாள். "கார் வரலன்னா நீயும் வராதே" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை ஒத்திகை முடிந்து நால்வரும் காரில் திரும்பும்போது, பனைமரத்து வளைவில் புதிதாக ஒரு பலகை நின்றது. 'ஆபத்தான வளைவு. ஒலி எழுப்பவும்.'

"அண்ணாச்சி, ஒலி எழுப்பணுமாம்" என்றான் உச்சிமாகாளி.

"எழுப்பு."

"ஹாரன் செத்து ஏழு மாசமாச்சே."

"டிரம்பெட்டு எதுக்குலே வச்சிருக்க?"

நியாயமான கேள்வி. உச்சிமாகாளி ஸ்டியரிங்கை விட்டுவிட்டு டிரம்பெட்டை இரண்டு கையாலும் எடுத்து ஊதினான். ஒருவனைத் தனியாக ஊதவிடுவது செட்டுக்கு மரியாதை இல்லை என்று மற்ற மூவரும் சேர்ந்துகொண்டார்கள். பல்லவி முடிந்து அனுபல்லவி எடுக்கும்போது பனைமரம் வந்துவிட்டது.

ஆட்களுக்கு அடி இல்லை. காருக்கு மூக்கு உள்ளே போய், இடது பக்க விளக்கு உடைந்தது. பனைமரம் ஒரு மட்டையைக் கீழே போட்டது. அவ்வளவுதான் சேதம்.

திங்கட்கிழமை நால்வரும் டவுனுக்குப் போய் இன்சூரன்ஸ் ஆபீசில் நின்றார்கள். அங்கிருந்த அம்மாள் அவர்களுடைய பேப்பரை வாங்கிப் படித்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தாள்.

"அண்ணே, உங்க வண்டி காரா, ஆட்டோவா?"

"கார்ம்மா."

"பேப்பர்ல ஆட்டோன்னு இருக்கு. மஞ்சள் கலர், மூணு சக்கரம்னு இருக்கு. வண்டியும் பேப்பரும் ஒத்துப்போனாத்தான் கிளெய்ம் கிடைக்கும். நானும் மேல எழுதிப் போடுறேன். புதன்கிழமை எங்க அதிகாரி வண்டியைப் பார்க்க வருவார். அதுக்குள்ள சரி பண்ணிருங்க."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சங்கிலி விரல் விட்டு எண்ணினான். வியாழனுக்கு மூன்றே நாள்.

"எதைச் சரி பண்ணணும்? பேப்பரையா, காரையா?" என்றான்.

தளவாய் அண்ணாச்சி வெகு நேரம் யோசித்தார். "பேப்பர்ல சீல் இருக்கு. சீல் வச்சதை நாம தொடலாமா?"

"தொடப்படாது" என்றான் நல்லசிவன்.

"கார்ல சீல் இருக்கா?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்போ காரைத்தான்."

காரைக் கயிறு கட்டி பெயின்ட் கடைக்கு இழுத்துப் போனார்கள். கடைக்காரர் நசுங்கிய இடத்தில் மஞ்சள் பெயின்ட் நிற்காது என்று சொல்லி, முதலில் மூக்கைத் தட்டி நேராக்கினார். அவர் மனசுக்குப் பொறுக்காமல் இடது விளக்கையும் புதிதாகப் போட்டார். இன்சூரன்சில் கேட்கப் போனதே இந்த வேலைக்குத்தான் என்பது நான்கு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஹாரனைச் சரி பண்ணவா என்று கடைக்காரர் கேட்டார். பேப்பரில் ஹாரனைப் பற்றி ஒன்றும் இல்லை, ஆகவே வேண்டாம் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை சக்கரப் பிரச்சினை.

"நாலாவது சக்கரத்தைக் கழட்டிரணும். எது நாலாவது?" என்றார் அண்ணாச்சி.

ஆளுக்கு ஒரு மூலையில் நின்று எண்ணினார்கள். நான்கு பேருக்கும் நான்கு வெவ்வேறு சக்கரம் நாலாவதாக வந்தது. சங்கிலி தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள மறுபடியும் எண்ணினான். இந்த முறை அவனுக்கே வேறு சக்கரம் வந்தது.

"அப்போ நாலையும் கழட்டுவோம்" என்றான் நல்லசிவன். "பிறகு ஒவ்வொண்ணா மாட்டுவோம். மூணு ஆனதும் நிறுத்திக்கிடுவோம்."

இவ்வளவு மூளையை இத்தனை நாள் கிளாரினெட்டில் வீணாக்கிவிட்டானே என்று அண்ணாச்சி வருத்தப்பட்டார். அப்படியே செய்தார்கள். சக்கரம் இல்லாத மூலைக்கு ஓர் ஆட்டுக்கல்லை முட்டுக் கொடுத்தார்கள்.

புதன்கிழமை அதிகாரி வந்தார். மஞ்சள் காரை மூன்று தடவை சுற்றி வந்தார். சங்கிலி எண்ணினான்.

"என்னய்யா இது?"

"ஆட்டோ சார்" என்றார் அண்ணாச்சி பணிவாக. "உங்க பேப்பர்படி."

அதிகாரி ஆட்டுக்கல்லைப் பார்த்தார். பையிலிருந்து புதுப் பேப்பரை எடுத்து நீட்டினார். "ஒரு ஆட்டோக்காரர் விவரம் உங்களுக்கு வந்துட்டு. உங்க விவரம் அவருக்குப் போயிட்டு. திருத்தியாச்சு. கார், பச்சை, நாலு சக்கரம், அஞ்சு இருக்கை."

சங்கிலிக்கு மனசு கேட்கவில்லை. "பாவம் சார் அந்த ஆட்டோக்காரர். நாலாவது சக்கரத்துக்கு எங்க அலைஞ்சாரோ."

அதிகாரி பேனாவைத் திறந்தார். "சரி, மரத்துல மோதுன அடி எங்க?"

"தட்டி நிமித்தியாச்சு. பெயின்ட் நிக்கணும்லா?"

"மோதுனதைப் பார்க்காம நான் எப்படிய்யா கையெழுத்துப் போட? நாளைக்கு அஞ்சு மணிக்கு அந்த மரத்தடிக்கு வருவேன். மோதுன காரோட போட்டோ ஒண்ணாவது கொண்டு வாங்க."

"போட்டோ எதுக்கு சார்?" என்றார் அண்ணாச்சி. "நேர்லயே காட்டிருதோம்."

அவசர அவசரமாகக் கார் மறுபடியும் பச்சையானது. நான்காவது சக்கரம் ஏறியது. வியாழக்கிழமை நாலே முக்காலுக்குக் கோயில் வாசலில் பளபளவென்று வந்து நின்ற காரைப் பார்த்து, தங்கப்பேச்சி தம்பியின் கன்னத்தைத் தடவினாள். சங்கிலிக்குக் கண் கலங்கிவிட்டது.

மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை ஏறினார். செட்டும் ஏறியது. செட்டு முன்னால் நடக்க வேண்டாமா என்று யாரோ கேட்டார்கள். ஐந்து இருக்கை, ஐந்து பேர். பேப்பரோடு ஒத்துப்போகிறது என்று சங்கிலி விளக்கினான்.

தெருமுனையில் கார் வலது பக்கம் திரும்பியது.

"மாமா, மண்டபம் இடது பக்கம்லா?" என்றார் மாப்பிள்ளை.

"ஆமா மாப்பிள்ளை" என்றான் சங்கிலி. "போற வழியில ஒரு கையெழுத்து வாங்கணும். மாலை கசங்காம மடியில வச்சுக்கிட்டு, முன் சீட்டைக் கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க."

வளைவு வந்தது. பலகை வந்தது. உச்சிமாகாளி ஸ்டியரிங்கை விட்டுவிட்டு டிரம்பெட்டை எடுத்தான். நல்லசிவன் சேர்ந்துகொண்டான். சங்கிலி தாளத்தை ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினான். தூரத்தில் பனைமரத்தடியில் பேனாவும் கையுமாக நின்ற அதிகாரி, இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டினார். பிறகு பேனாவைப் போட்டுவிட்டு வயலுக்குள் ஓடினார்.

தளவாய் அண்ணாச்சிக்கு முகம் சுருங்கியது. டிரம் அடிப்பதை நிறுத்தாமலே சொன்னார்:

"அதுக்குள்ள ஏன் கிளம்பிட்டார்? நாம இன்னும் மோதவே இல்லையே."