திட்டில் ஒரு தண்ணீர்ப் பானை

"ஆறு மாதம் பேசிவிட்டேன், அடிகளே. தென்கரைக்காரர்கள் அசையவில்லை" என்றார் பூதி.

அவர் வடகரை அரசனின் அமைச்சர். உப்பங்கழியின் நடுவில் கிடக்கும் மணல்திட்டு வடகரைக்கே சொந்தம் என்று தென்கரை மக்களை நம்பவைப்பது அவர் வேலை. பௌர்ணமிக்குள் தென்கரைச் சபை ஒப்புக்கொள்ளாவிட்டால் படை இறங்கும்.

ஐந்து நாள்தான் பாக்கி.

பூதியைவிடப் பத்து வயது இளையவர் அந்தத் துறவி. கீரை ஆய்ந்தபடியே கேட்டார்:

"என்னென்ன செய்தீர்?"

"அவர்கள் சந்தையிலேயே கூத்து நடத்தினோம். திட்டு நமது என்று பாட்டில் வைத்துப் பாடினோம்."

"கேட்டார்களா?"

"விடிய விடியக் கேட்டார்கள். 'கூத்து உங்களுடையது, திட்டு எங்களுடையது' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்."

துறவி சிரித்துவிட்டார்.

"வேறு?"

"நாற்பது புலவர்களைத் திட்டுக்கு அழைத்துப்போய்ப் அது வடகரையுடையது என்று பொறித்த பழைய கல்வெட்டைக் காட்டினோம்."

துறவி கீரையை ஒதுக்கி வைத்தார். "படகை எடும்."

துடுப்பையும் பூதியே போட வேண்டியிருந்தது. உச்சிவெயில். திட்டை அடைந்தபோது அவருக்குத் தொண்டை காய்ந்துவிட்டது.

திட்டில் ஒரு கல்வெட்டு, ஒரு புன்னைமரம், மரத்தடியில் ஒரு பானை. வலையை உலர்த்திக்கொண்டிருந்த தென்கரைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்துட்டாங்கய்யா, கல்லு பாக்க!"

பூதி காதில் வாங்காமல் பானையிலிருந்து மொண்டு குடித்தார். நல்ல தண்ணீர்.

"குடிங்க, குடிங்க. அன்னைக்கு நாப்பது பேரும் இப்படித்தான் குடிச்சீங்க. ரெண்டு கரைக்காரனுக்கும் இந்த ஒரு பானைதான். குடிச்சவன் ஊத்துல மொண்டு நிரப்பி வெச்சிட்டுப் போகணும். எங்க பாட்டன் காலத்து வழக்கம். நீங்க காலிப் பானையை விட்டுட்டுப் போயிட்டீங்க. எங்க மாமனார் வலையிழுத்துட்டு வந்து நாக்கு வறண்டு கிடந்தாரு."

"எனக்குத் தெரியாதம்மா."

"எங்க சபையில எழுந்து இதைத்தான் சொன்னேன். அப்புறம் உங்க கல்வெட்டைப் பத்தி யாரும் கேக்கலை."

பூதி துறவியின் பக்கம் திரும்பினார். "அடிகளே, சபையில் நான் இனி என்ன பேசுவது?"

துறவி பானையைத் தூக்கினார். அடியில் கிடந்த மிச்சத் தண்ணீரை நிதானமாகக் குடித்து முடித்தார். காலிப் பானையைப் பூதியின் கையில் கொடுத்தார்.

பூதி பானையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்டார்:

"ஊற்று எந்தப் பக்கம்?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"பட்டுத்துண்டைக் கழட்டி வெச்சிட்டு வாங்க. அங்க சேறு."