வண்டிக்கு முன்னால் அம்மா

“ஏசி குளிர மாட்டேங்குதுங்கம்மா,” என்றார் பொன்னுரங்கம்.

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“புது வண்டிங்க. வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகலை. பிக்கப்லயே ஏசி வச்சதா வேணும்னு கேட்டு வாங்கினேன்.”

“சரி.”

“நீங்கதான் ஒரு வழி சொல்லணும்.”

பிள்ளை படிக்கவில்லை என்று மடத்துக்கு வருவார்கள். தூக்கம் வரவில்லை என்று வருவார்கள். ஏசி குளிரவில்லை என்று வந்தவர் இவர் ஒருவர்தான். அம்மா மடத்தின் குரு. நான் மடத்துச் சமையல்காரன். கூடத்தில் பேசுவதெல்லாம் அடுப்படியில் கேட்கும். சிரிப்பை அடக்கிக்கொண்டு பருப்பைக் கடைந்தேன்.

பொன்னுரங்கம் வாழைத்தார் வியாபாரி. வயது அறுபதை நெருங்குகிறது. அம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். இருந்தும் அவருக்கு இவர் ‘அம்மா’. அம்மாவுக்கு அவர் ‘அண்ணா’.

அவருடைய பக்தி கொஞ்சம் பெரிய சைஸ். வரும்போதெல்லாம் அம்மாவுக்கு ஒரு பொன்னாடை போர்த்துவார். அன்றைக்கும் போர்த்தினார், கத்திரி வெயிலில். அம்மா அதை மடித்துப் பக்கத்தில் வைத்தார். மடத்தில் பெட்டி எல்லாம் நிரம்பிவிட்டது. அதற்கு இனி இடம் தேடப் போகிறவன் நான்தான்.

“கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்களேன் அண்ணா.”

“எனக்குன்னா ஓட்டிருவேன். இத்தனை வருசமும் அப்படித்தானே ஓட்டினேன். இது பூங்கோதைக்குங்கம்மா.”

என் கையில் மத்து நின்றது.

பூங்கோதை அவர் மனைவி. ஸ்டவ் வெடித்த விபத்தில் பிழைத்ததே பெரிய காரியம். ஆனால் வெந்து ஆறிய தோல் வேர்க்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடம்பில் ஏறிய சூடு இறங்க வழியில்லை. வெயிலில் கொஞ்ச நேரம் இருந்தால் மயக்கம் போட்டு விழுந்துவிடுவார்.

அதற்கு முன்னால் பொன்னுரங்கத்தின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சந்தை சந்தையாகப் போன மனுஷி. தாரைத் தட்டிப் பார்த்து விலை சொல்வது அவர்தான். இப்போது கோடை வந்தால் வீட்டு வாசல்கூடத் தாண்டுவதில்லை.

“அவ பக்கத்துல இல்லாம எனக்குச் சந்தைக்குப் போகவே பிடிக்கலைங்கம்மா. அதுக்குத்தான் இந்த வண்டியே வாங்கினேன். முதல் தடவை கூட்டிட்டுப் போனப்பவே பாதி வழியில சாஞ்சுட்டா. இன்னைக்கு உங்களைப் பார்க்கறதுக்காகத்தான் வந்தா. இனி இந்த வண்டியில ஏறமாட்டேன், வீட்டுலயே இருந்துக்கறேன்னு சொல்லிட்டா.”

“இப்ப எங்க இருக்காங்க?”

“இங்கதான், உள் அறையில ஈரத்துண்டைப் போத்திக்கிட்டுப் படுத்திருக்கா.”

அம்மா கையிலிருந்த கீரைக் கொத்தை முறத்தில் போட்டார்.

“மெக்கானிக்கிட்ட காட்டினீங்களா?”

“காட்டினேன். கேஸ் சரியா இருக்கு, மெஷின் சரியா இருக்குன்னான்.”

“வேற ஒண்ணும் சொல்லலையா?”

பொன்னுரங்கத்தின் முகம் கறுத்தது.

“சொன்னான். சொல்லக்கூடாததைச் சொன்னான். வண்டியை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.”

என்ன சொன்னார் என்று அம்மா கேட்கவில்லை.

“நீங்க ஒரு தடவை வண்டியைத் தொட்டுக் கொடுத்தாப் போதுங்கம்மா. சரியாயிரும்.”

“வண்டி எங்கேயும் ஓடிப்போகாது. வேர்த்து வந்திருக்கீங்க. முதல்ல காத்தாட உட்காருங்க.”

மூலையிலிருந்த ஸ்டாண்ட் ஃபேனை அம்மாவே இழுத்து வந்து போட்டார். பொன்னுரங்கம் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். காற்று முகத்தில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மா முக்காலியைத் தூக்கினார். ஃபேனுக்கும் அவருக்கும் நடுவில் போட்டார். ஃபேனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி கீரை ஆய ஆரம்பித்தார்.

அம்மா ஒல்லியானவர் இல்லை.

பொன்னுரங்கம் கண்ணைத் திறந்தார். கையைக் கூப்பிக்கொண்டார்.

நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்தார். குடித்ததெல்லாம் வேர்வையாக வெளியே வந்தது.

“காத்து வருதாண்ணா?”

“வருதுங்கம்மா.”

கீரை பாதி முடிந்தது. அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

“நல்லா வருதா?”

“உங்க முன்னாடி உட்கார்ந்திருக்கறதே குளுமைதானுங்க.”

அவரைக் கரண்டியால் ஒன்று போடலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

அம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

“பொய் சொல்லாதீங்க.”

“வரலைங்கம்மா.”

“ஃபேன் ரிப்பேரா?”

“அது நல்லாத்தான் சுத்துது.”

“அப்புறம் ஏன் காத்து வரலை?”

பொன்னுரங்கம் ஃபேனைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்.

“நீங்க மறைக்கறீங்க.”

“நகருங்கன்னு சொல்லியிருக்கலாமே?”

“குருவை எப்படிங்கம்மா நகரச் சொல்றது?”

அம்மா எழுந்தார்.

“வாங்க, வண்டியைப் பார்க்கலாம்.”

நானும் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னால் போனேன். எனக்கும் வண்டியைப் பார்க்கும் ஆசை இருந்தது.

வெள்ளை பிக்கப். புளியமரத்தடியில் நின்றது. முன்பக்கம் ஒரு விளக்கிலிருந்து மறு விளக்குவரை இரும்புச் சட்டம் போட்டு ஒரு ஃபிளெக்ஸ் போர்டு. அதில் அம்மாவின் முகம். ஆசீர்வாதம் செய்யும் கை. கீழே சிவப்பு எழுத்தில் ‘அம்மாவே துணை’. சுற்றிலும் பிளாஸ்டிக் பூமாலை. பின்னாலிருந்த கம்பி கிரில்லில் விரல் நுழையும் இடம்கூட வெளியே தெரியவில்லை.

அம்மா தன் முகத்துக்கு எதிரே நின்றார்.

“என் மூக்கு இவ்வளவு பெரிசா?”

“இதுக்கு மேல பெரிசா அடிக்க முடியாதுன்னுட்டாங்கம்மா,” என்றார் பொன்னுரங்கம் வருத்தத்தோடு.

“வண்டியை ஆன் பண்ணி ஏசி போடுங்க.”

போட்டார். அம்மா போர்டுக்கும் கிரில்லுக்கும் நடுவே கையை விட்டார். சுட்டதும் உடனே வெளியே எடுத்து உதறினார்.

“மெக்கானிக் என்ன சொன்னார்?”

பொன்னுரங்கம் வண்டியை விட்டு இறங்கினார்.

“இதைக் கழட்டச் சொன்னான். இதுக்குப் பின்னாடி இருக்கற கிரில் வழியாத்தான் காத்து உள்ள போகணுமாம். ஏசிக்கும் அதுதானாம், எஞ்சினுக்கும் அதுதானாம். உங்க படத்தைக் கழட்டுன்னு ஒருத்தன் சொல்லி நான் கேக்கறதா? நல்லாக் கேட்டுட்டேன் அவனை. என் உயிரே போனாலும் இது இங்கதான் இருக்கும்னு சொல்லிட்டு வந்தேன்.”

அவர் குரலில் பெருமை இருந்தது.

“அப்ப பூங்கோதை எங்க இருந்தாங்க?”

“பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தா.”

“என்ன சொன்னாங்க?”

“அவ ஒண்ணும் சொல்லலை. வீட்டுக்கு வந்தப்புறம்தான், இனி நான் வண்டியில...”

அவர் நிறுத்திவிட்டார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் புளியமரத்தைப் பார்த்தார். நானும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த நேரத்தில் ஒரு மனிதரைப் பார்த்துக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை.

பொன்னுரங்கம் என்னிடம் வந்தார்.

“ஸ்பேனர் இருக்குங்களா?”

மடத்தில் மோட்டார் பம்புக்கு வைத்திருந்த ஸ்பேனரை எடுத்து வந்தேன். தானே கழற்றுவதாகச் சொன்னார். ஒவ்வொரு போல்ட்டும் கழன்று வரும்போது உதட்டுக்குள் ஏதோ மந்திரம் சொன்னார். மன்னிப்புக் கேட்டார் என்று நினைக்கிறேன். அம்மாவிடமா, பூங்கோதையிடமா என்று எனக்குத் தெரியாது.

போர்டு சரிந்தது. விழாமல் அம்மா தாங்கிப் பிடித்தார். தன்னுடைய கன்னத்திலேயே கை வைத்துத் தாங்கினார்.

“இதை எங்கேங்கம்மா மாட்டறது?”

“காத்து வர வேண்டாத இடமாப் பார்த்து மாட்டுங்க.”

மழைக்கு விறகு நனையாமலிருக்க ஒரு மறைப்புத் தேடிக்கொண்டிருந்தேன். அளவு சரியாக இருக்கும் போலத் தோன்றியது. வாய்விட்டுச் சொல்லத் தயங்கி அம்மாவைப் பார்த்தேன்.

“எடுத்துக்கோ,” என்றார். “முகம் உள்பக்கம் இருக்கட்டும். மழையில சாயம் போயிரும்.”

எத்தனையோ மடங்களில் சமைத்திருக்கிறேன். படத்துக்கு ஒரு பூ குறைந்தால் முகம் வாடுகிற குருமார்களுக்கெல்லாம் சோறு போட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த அம்மாவைக் கும்பிடத் தோன்றியது. கையில் அவருடைய போர்டு இருந்ததால் கும்பிட முடியவில்லை.

பூங்கோதை வெளியே வந்தார். தலையிலும் தோளிலும் ஈரத்துண்டு. கழுத்தில் தழும்பு பளபளத்தது. போர்டு இல்லாமல் வெறுமையாக நின்ற வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தார். கணவர் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார்.

“சந்தைப் பாதையில ஆத்துப்பாலம் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க அண்ணி,” என்றார் அம்மா. “பிடிக்கலைன்னா இனிமே ஏற வேண்டாம்.”

பொன்னுரங்கம் அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். பூங்கோதை ஈரத்துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு ஏறினார்.

வண்டி போய்விட்டது.

கீரை வாடிக்கொண்டிருந்தது. அம்மா உள்ளே போகவில்லை. வெறுங்காலோடு வாசல் வெயிலில் நின்றார். சூடு தாங்காமல் கால் மாற்றி மாற்றி நின்றாரே தவிர நகரவில்லை. அவர் யாருக்காகவும் அப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

“சரியாயிருமாம்மா?” என்று கேட்டேன்.

“எனக்கென்ன தெரியும்? நான் மெக்கானிக்கா?”

பாதையில் புழுதி தெரிந்தது. வண்டி வந்து நின்றது. கண்ணாடிகள் மேலே ஏற்றியே இருந்தன. பூங்கோதை பக்கத்துக் கண்ணாடி நாலு விரல் அளவு இறங்கியது. உள்ளிருந்து வந்த காற்று என் கைமேல் பட்டது.

ஈரத்துண்டு அவர் தோளில் இல்லை. மடித்து மடியில் வைத்திருந்தார். பொன்னுரங்கம் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். கண்ணைத் துடைக்கக்கூட கையை எடுக்கவில்லை.

“எப்படி இருக்கு அண்ணி?” என்றார் அம்மா.

பூங்கோதை இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டார்.

“போத்திக்க ஏதாவது இருக்குங்களா?”

பொன்னாடையை எடுக்க நான் உள்ளே ஓடினேன்.