ஓடைக்கு வந்த கீச்சுக்குரல்

காக்கை சொன்ன அந்தக் கதையைக் கிழட்டுக் கரிச்சான் குருவி வெகு காலம் நம்பவில்லை. மூன்று மழைக்காலம் போகும்வரை அதன் சந்தேகம் போகவில்லை.

கறுப்பும் வெள்ளையுமான அந்தக் கரிச்சானின் பெயர் மாரப்பன். மலைமேல் மூங்கில் காட்டு ஓடைக்கரையில் தனியாக இருந்தது. பெட்டை இறந்துவிட்டது. ஒரே மகள் செம்பா, காட்டில் இரை கிடைக்காத ஒரு வருடம் நகரத்துக்குப் பறந்துபோனது. திரும்பவே இல்லை.

அந்த ஓடையில் ஒரு வழக்கம் உண்டு. விடியும்போது கரைக்குச் சொந்தக்காரன் பாடுவான். வந்த பறவை அதே பாட்டைத் திருப்பிப் பாடினால் உறவு. கூடு கட்ட இடம் கிடைக்கும். பாடத் தெரியாவிட்டால் கொத்தித் துரத்திவிட வேண்டும்.

மாரப்பனின் பாட்டு கனத்த குரலில் நிதானமாக இறங்கும். கடைசியில் ஒரு சின்ன வளைவு வளைந்து நிற்கும். மகள் போன பிறகு அதைத் திருப்பிப் பாட யாருமில்லை. என்றாலும் மாரப்பன் தினமும் பாடியது. பாடிவிட்டுக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் காத்திருக்கும்.

ஒரு நாள் பதில் வந்தது! எதிர்க்கரை நாவல் மரத்தில் ஓர் இளங்கரிச்சான். ஆனால் என்ன குரல் அது! ஊசி போல, கீச்சுக் கீச்சென்று, அவசர அவசரமாக.

"யாருடா நீ?"

"உங்க பேரன் தாத்தா! செம்பா மகன்! அம்மா சாகறப்போ இந்த ஓடைக்குத்தான் போகச் சொன்னாங்க."

"என் வம்சத்துல எவனுக்கும் எலிக்குஞ்சுக் குரல் கிடையாது. எங்கே, பாட்டைப் பாடு!"

"இப்பத்தானே பாடினேன்!"

"அதுக்குப் பேர் பாட்டா? மூங்கிலும் மூங்கிலும் உரசின மாதிரி இருக்கு!"

"இதுக்குக் கீழே எனக்குக் குரல் இறங்காது தாத்தா. எங்க தெருவுல எல்லாருக்குமே இப்படித்தான்."

"அப்போ அந்தத் தெருவுலேயே போய் இரு!"

மாரப்பன் கொத்திய கொத்தில் இரண்டு வெள்ளை இறகுகள் ஓடையில் விழுந்தன. இளங்கரிச்சான் சண்டை போடவில்லை. ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு மலையிறங்கிப் பறந்துவிட்டது.

அடுத்த வாரம், காட்டுக்கும் நகரத்துக்கும் போய்வரும் காக்கை அங்கம்மா வந்தது.

"ஏன் அண்ணே, தேடி வந்த பேரனையா விரட்டினீங்க?"

"அவனா பேரன்? அந்தக் குரலை நீ கேட்டியா?"

"நான் தினமும் கேக்கிற குரல்தானே! அங்கே விடியறதுக்கு முன்னாடியே பஸ்ஸும் லாரியும் உறும ஆரம்பிச்சிடும். அடித்தொண்டையில பாடினவனுக்குப் பெட்டையே வரலை. பாட்டு அவ காதுல விழுந்தாத்தானே வருவா! கீச்சுக்குரல்காரனுக்குத்தான் குடும்பம் அமைஞ்சுது. அவன் பிள்ளைக்கும் கீச்சுக்குரல். பேரனுக்கு இன்னும் கொஞ்சம் மேலே. செம்பா போனப்போ ஊரே அப்படித்தான் இருந்துச்சு. அவ கட்டினவனும் அப்படித்தான். பையனுக்குக் குரல் அப்பனோடது, பாட்டு அம்மாவோடது!"

"போடி புளுகி!" என்றது மாரப்பன்.

நம்பாமல் இருப்பது சுலபமாக இருந்தது. நம்பினால், ஓடையில் போன அந்த இரண்டு இறகுகளுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் பாடிவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும். அவன் பாட்டின் கடைசியில் அந்த வளைவு இருந்ததா, இல்லையா? சில நாட்களில் மாரப்பன் யாருக்கும் தெரியாமல் கீச்சுக்குரலில் பாடிப் பார்க்கும். தொண்டை எட்டாது. பாதியில் நின்றுவிடும். அதற்கும் யாரும் பதில் சொல்லமாட்டார்கள்.

மூன்றாவது மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் அங்கம்மா வந்து கிளையில் உட்கார்ந்தது. மாரப்பன் ஓடையைப் பார்த்தபடியே பேசியது.

"வளைவு இருந்துச்சு அங்கம்மா. அன்னைக்கே எனக்குக் கேட்டுது."

காக்கை கிளையில் இன்னும் நெருங்கி உட்கார்ந்தது.

"நான் அங்கே வந்து பாடினா, அந்த லாரிச் சத்தத்துல அவன் காதுல விழுமா?"

அங்கம்மா அலகைக் கிளையில் தேய்த்தது. மறுபடியும் தேய்த்தது. மாரப்பனின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

தன்னைப் போலப் பாடாதவன் தன்னவன் இல்லை என்று விரட்டுகிறவனுக்குக் கடைசியில் தன் குரலைத் தவிர வேறு குரல் கேட்காது.