சிங்காரியின் கன்னத்தில் புளி

ஏழுகுழிப் பாறைக் காட்டில் சிங்காரி என்று ஒரு மந்தி இருந்தாள். அவளுக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று, புளியைக் கண்டால் நாக்கு நிற்காது. இரண்டு, எதிரே இருப்பவர் கண்ணை மூடினால் கை நிற்காது.

அந்தக் காட்டில் சித்திரை பிறந்துவிட்டால் தின்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. பழமெல்லாம் தீர்ந்து போகும், புல்லெல்லாம் கருகிப் போகும். மண்ணுக்கு அடியில் காட்டுக் கருணைக் கிழங்கு மட்டும் கொழுகொழு என்று கிடக்கும். ஆனால் அதை அப்படியே கடித்தால் போச்சு! நாக்கு தடிக்கும், தொண்டை அரிக்கும், நாள் முழுக்கச் சொறிந்தாலும் தீராது. தொண்டைக்குள் எங்கே போய்ச் சொறிவது?

அதற்காகத்தான் காட்டில் இருந்தவர்கள் பாறைக் குழிச் சாமியான குழியப்பனுக்குப் பூசை என்று ஒன்றை வைத்திருந்தார்கள். கோரையன் என்ற காட்டுப்பன்றி கிழங்கைத் தோண்டி வருவான். கோரைப்பல்லால் கீறித் துண்டு போட்டு, பாறையில் தண்ணீர் நிற்கும் பெரிய குழிக்குள் தள்ளுவான். கரிச்சாமி என்ற கரடிதான் பூசாரி. அவர் பாறைமேல் ஏறி நின்று மந்திரம் சொல்லுவார். எல்லோரும் கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் சிங்காரி, தான் பறித்து உரித்து வைத்த ஒரு குவியல் புளியையும் குழியப்பனுக்குக் காணிக்கையாகத் தண்ணீருக்குள் போடவேண்டும். கிழங்கு மூன்று நாள் ஊறும். நான்காம் நாள் விருந்து. ஒருவருக்கும் அரிக்காது.

ஏன் அரிக்காது? "என் மந்திரம் அப்படி!" என்பார் கரிச்சாமி. மற்றவர்களும் தலையாட்டுவார்கள். தின்கிற வாய்க்குக் கேட்கிற வேலை எதற்கு?

அந்த வருஷமும் பூசை நாள் வந்தது. கரிச்சாமி தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கண்ணை மூடுங்க! திறந்தா கண்ணு அவிஞ்சு போகும், சொல்லிட்டேன்!"

எல்லோரும் மூடினார்கள். காணிக்கை போடுகிறவள் என்பதால் சிங்காரிக்கு மட்டும் விலக்கு. கரிச்சாமியும் பக்தியில் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

"குழியப்பா வா வா! அரிப்பெல்லாம் போ போ! வா வா வா வா! போ போ போ போ!"

சிங்காரி புளிக் குவியலைப் பார்த்தாள். அப்போதுதான் உரித்த புதுப் புளி. சிவந்து பளபளவென்று இருந்தது. எச்சில் ஊறியது.

"அந்தக் கல்லுக் குழிக்கு நாக்கு இருக்கா, பல்லு இருக்கா? எட்டு மைல் தாண்டி ஒத்தைப் புளியமரத்துல ஏறி இறங்கினது நானு. தின்னுறது தண்ணியா? நல்லா இருக்கே கதை!" என்று நினைத்தாள்.

ஆனால் காணிக்கை விழுகிற சத்தம் கேட்கவேண்டுமே! அவளா விடுவாள்? கூழாங்கற்களைப் பொறுக்கி ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டாள். தொபுக்! தொபுக்! தொபுக்! புளியையெல்லாம் வாரிக்கொண்டு போய்ப் பக்கத்து வேங்கை மரப் பொந்தில் அடைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத பாப்பா போலத் திரும்பி வந்து நின்றாள்.

அந்த நேரம் பார்த்து, முன்வரிசையில் நின்ற மொச்சை என்ற முயலுக்கு மூக்கு அரித்தது. அடக்கிப் பார்த்தான். முடியவில்லை.

"அச்சூம்!"

மந்திரம் ஒரு கணம் தடுக்கியது. கரிச்சாமி ஒற்றைக் கண்ணைத் திறந்து முறைத்தார். மொச்சை காதிரண்டையும் மடக்கிக்கொண்டு குறுகிப் போனான். பாவம், பூந்தூள் ஏறிய மூக்கு என்ன செய்யும்!

நான்காம் நாள் விருந்து. மூன்று வாரமாகப் பட்டினி கிடந்த கூட்டம் குழியைச் சுற்றி மொய்த்தது. சிங்காரியும் வந்தாள். மந்திகளுக்குத்தான் கன்னத்துக்குள் பை உண்டே! இரண்டு கன்னத்திலும் புளியை அடக்கிக்கொண்டு வந்திருந்தாள். கிழங்கு ஒரு கடி, புளி ஒரு சப்பு. அடடா, என்ன ருசி!

நாலு வாய்தான் போயிருக்கும்.

"ஐயோ!" என்றான் கோரையன்.

"ஆத்தாடி!" என்றாள் முள்ளியக்கா. அவள் முள்ளம்பன்றி, அந்தக் காட்டிலேயே கூர்மையானது அவள் முள்ளா, அவள் நாக்கா என்று சொல்வது கஷ்டம். அந்த நாக்கே அப்போது தடித்துப் போய் வெளியே தொங்கியது.

மான் மரத்தில் கழுத்தைத் தேய்த்தது. நரி மண்ணில் புரண்டது. கரிச்சாமி இரண்டு கையாலும் தொண்டையைப் பிறாண்டினார். காடே "க்கர்ர்... க்கர்ர்..." என்று இருமியது. சிங்காரி மட்டும் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தாள்.

'நமக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகலை?'

மெல்ல நழுவி வேங்கை மரத்தில் ஏறினாள். கன்னத்துப் புளியைத் துப்பிவிட்டு, வெறும் கிழங்கை ஒரு கடி கடித்தாள். அவ்வளவுதான்! நாக்கில் நெருப்பெறும்பு கடித்த மாதிரி இருந்தது. பதறிப்போய்ப் பொந்துப் புளியை அள்ளி வாயில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அரிப்பு அடங்கியது. நம்ப முடியாமல் இன்னொரு தடவை செய்து பார்த்தாள். அதே கதைதான்.

சிங்காரிக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

'அட பாவி வயிறே! அரிப்பை எடுத்தது மந்திரம் இல்லை, புளி! அதை நான் முழுங்கிட்டேனே!'

கீழே கரிச்சாமியின் கரகரத்த குரல் கேட்டது.

"தெய்வக் குத்தம்! க்கர்ர்! பூசையில இந்த மொச்சை தும்மினான், நானே பார்த்தேன்!"

எல்லோர் கண்ணும் மொச்சை மேல் திரும்பின. அவன் முன்காலால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"சாமி, நான் வேணும்னு தும்மலை. பூந்தூள் ஏறிடுச்சு..."

"வாயை மூடு! குழியப்பனுக்கு மூக்கறுபட்ட மாதிரி ஆயிடுச்சு. தும்மினவன் இந்தக் காட்டுல இருக்கிற வரைக்கும் கிழங்கு அரிக்கத்தான் செய்யும். பாறைக்கு அந்தப் பக்கம் போகட்டும்!"

பாறைக்கு அந்தப் பக்கம் செந்நாய்க் கூட்டம். அங்கே போன முயல் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தொண்டை அரிக்கிறவனுக்கு நியாயம் எங்கே தெரியும்! "போகட்டும், போகட்டும்!" என்று நாலு பேர் கரகரத்தார்கள்.

மரத்தின்மேல் இருந்த சிங்காரியின் காதிலும் அது விழுந்தது. மொச்சை அவளுக்குப் பழக்கமானவன். வேட்டைக்காரன் வருகிற சத்தம் கேட்டால் காலால் தரையைத் தட்டி அவளை முதலில் எழுப்புகிறவன் அவன்தான். அவனைச் செந்நாய்க்குத் தின்னக் கொடுப்பதா? அவனைக் காப்பாற்றவேண்டும். ஆனால் தன் வாலும் தப்பவேண்டும். குரங்குப் புத்தி குறுக்கு வழியைத்தானே தேடும்!

தாவிக் குதித்துப் பாறைமேல் நின்றாள். இரண்டு கண்ணையும் மேலே சொருகிக்கொண்டாள். உடம்பை உதறினாள்.

"ஹா... ஹூ... நான்தாண்டா குழியப்பன் வந்திருக்கேன்!"

கூட்டம் பயந்து பின்வாங்கியது. கரிச்சாமி கையெடுத்துக் கும்பிட்டார்.

"முயல் மேல குத்தம் இல்லைடா! அவனை விட்டுடு! மறுபடியும் கிழங்கை ஊறப்போடு! புளியைப் போடு! நிறையப் போடு! அரிக்காதுடா!"

வேலை முடிந்தது என்று சிங்காரி நினைத்த நேரம், முள்ளியக்கா ஒரு அடி முன்னால் வந்தாள். தடித்த நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"குழியப்பா, போன தடவையும்தானே புளி போட்டோம்? தொபுக் தொபுக்குன்னு நானே என் காதால கேட்டேனே?"

குழியப்பனின் கண் இன்னும் மேலே சொருகியது.

"இன்னொண்ணு சாமி. இங்க எல்லாருக்கும் தொண்டை கட்டிக் கிடக்கு. உன் குரல் மட்டும் எப்படி வெண்கல மணியாட்டம் கணீர்னு இருக்கு?"

"அது... தெய்வக் குரல்..."

"சரி. அப்போ தெய்வத்துக்கு ஏன் கன்னம் இப்படி உப்பியிருக்கு?"

எல்லோரும் பார்த்தார்கள். சிங்காரியின் இரண்டு கன்னமும் இரண்டு விளாம்பழம் போல உப்பியிருந்தன. கடைவாயிலிருந்து பழுப்பாய்ப் புளிச்சாறு வழிந்துகொண்டிருந்தது. புறங்கையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வழிந்தது.

கடைசி முயற்சியாக, "பல்வலி அக்கா..." என்றாள்.

"ஓஹோ! தெய்வத்துக்குப் பல்வலியா!"

சிங்காரி திரும்பி மொச்சையைப் பார்த்தாள். யார் அவனை விரட்டினாலும் போய்விடத் தயார் என்பது போல, பாறையின் விளிம்பில் ஏற்கெனவே ஒரு காலை எடுத்து வைத்திருந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாயிலிருந்த புளியை உள்ளங்கையில் துப்பினாள். ஏழெட்டுக் கொட்டைகள் பாறையில் உருண்டன.

"நான்தான்! நான்தான் தின்னேன்! குழிக்குள்ள போட்டது வெறும் கூழாங்கல்லு! கல்லுக்கு எதுக்குப் புளின்னு நினைச்சேன். தப்புப் பண்ணிட்டேன். மொச்சையை விட்டுடுங்க, வேணும்னா என்னை விரட்டுங்க!"

கோரையன் உறுமினான். நரி பல்லைக் கடித்தது. கரிச்சாமிக்கோ வேறு கவலை.

"புளியாவது மண்ணாவது! அரிப்பைப் போக்குறது என் மந்திரம். புளி சும்மா காணிக்கை. இத்தனை வருஷமா நான் தொண்டை வத்தக் கத்தினது வீணா? முயலை விரட்டுங்க, மந்தியையும் விரட்டுங்க!"

சிங்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாட்டிக்கொண்ட பிறகு இனி என்ன பயம்?

"சாமி, ரெண்டு குழியில ஊறப்போடுவோம். ஒண்ணுல புளி மட்டும், மந்திரம் வேண்டாம். இன்னொண்ணுல உங்க மந்திரம் மட்டும், புளி வேண்டாம். மூணு நாள் கழிச்சு நாக்கு சொல்லட்டும், யார் சொன்னது சரின்னு!"

"அதுவும் சரிதான்!" என்றாள் முள்ளியக்கா. வேண்டாம் என்று சொன்னால் மந்திரத்தின் மேல் தனக்கே நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும். கரிச்சாமி வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

பொந்தில் மிச்சமிருந்த புளியில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். சப்பச் சப்ப அரிப்பு அடங்கியது. மீதியை முள்ளியக்காவே எண்ணாமல் கொள்ளாமல் ஒரு குழியில் கவிழ்த்தாள். இந்தத் தடவை யாரும் கண்ணை மூடவில்லை. இன்னொரு குழிக்கு முன்னால் கரிச்சாமி மூன்று நாளும் நின்று கத்தினார். "வா வா வா வா! போ போ போ போ!" தூங்க நினைத்தவர்களெல்லாம் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

நான்காம் நாள் புளிக்குழிக் கிழங்கைச் சிங்காரி முதலில் தின்றாள். தின்பதற்கு முன்னால் முள்ளியக்கா அவள் வாயைத் திறக்கச் சொல்லி, இரண்டு கன்னத்திலும் குச்சியை விட்டுத் துழாவிப் பார்த்தாள். கன்னம் காலி. சிங்காரி மென்றாள், விழுங்கினாள், இன்னொரு துண்டு கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை!

கோரையன் மந்திரக் குழியிலிருந்து பெரிய துண்டு ஒன்றை எடுத்துக் கரிச்சாமியின் முன்னால் வைத்தான்.

"சாமி, மந்திரம் உங்களுது. முதல் வாயும் உங்களுக்குத்தான்!"

"எனக்கு இன்னைக்கு விரதம்..."

"நேத்துச் சாயங்காலம் தேனடையை நக்கினப்போ விரதம் எங்க போச்சு?" என்றாள் முள்ளியக்கா.

கரிச்சாமி கிழங்கை வாயில் போட்டார். ஒரு கடி. இரண்டு கடி. முகத்தில் ஒன்றையும் காட்டாமல் நின்றார். பிறகு கண்ணில் நீர் கோத்தது. மூக்கு விடைத்தது. காது இரண்டும் தானாக ஆடின.

"எப்படி இருக்கு சாமி?"

"க்... க்க்... க்கர்ர்ர்!"

இத்தனை வருஷத்தில் கரிச்சாமி பேச முடியாமல் நின்ற முதல் நாள் அதுதான். காடே குலுங்கிச் சிரித்தது. சிரிக்காதவன் மொச்சை ஒருவன்தான். அவன் ஓடிப்போய்க் குழியில் கிடந்த புளி ஒன்றை எடுத்து வந்து, கரிச்சாமியின் உள்ளங்கையில் வைத்தான்.

"சப்புங்க சாமி. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்."

தன்னைச் செந்நாய்க்கு அனுப்பப் பார்த்தவருக்குப் புளி கொண்டுவந்த முயலைக் கரிச்சாமி ஏறிட்டுப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே சப்பினார். கண்ணீர் நிற்க வெகு நேரம் ஆயிற்று. அது முழுக்கவும் அரிப்பினால் வந்த கண்ணீர் இல்லை.

சிங்காரியை யாரும் விரட்டவில்லை. ஒற்றைப் புளியமரத்தில் ஏற வேறு ஆள் வேண்டுமே! ஆனால் தண்டனை உண்டு. அந்தக் கோடை முழுக்க எட்டு மைல் போய், எட்டு மைல் வந்து, காட்டுக்கே அவள் புளி சுமந்தாள்.

அடுத்த வருஷமும் பூசை நடந்தது. கரிச்சாமி மந்திரத்தை விடவில்லை, கடைசியில் "புளியப்பா வா வா!" என்று ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொண்டார். பாட்டில்லாமல் விருந்து ருசிக்காது என்று மற்றவர்களும் விட்டுவிட்டார்கள். நடுவில் மொச்சை தும்மினான். எல்லோரும் "நூறாயுசு!" என்றார்கள். கண்ணை மட்டும் ஒருத்தரும் மூடவில்லை. அத்தனை கண்ணும் அகலத் திறந்து சிங்காரியின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

முன்னோர் வைத்த வழக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துத் தொங்குகிறவனும் கெடுவான், கண்ணை மூடிக்கொண்டு அறுத்து எறிகிறவனும் கெடுவான். ஏன் என்று கேட்டுச் செய்து பார்க்கிறவனே பிழைப்பான்.