சாகத் தெரியாத அணுக்கள்

இது நான் நேரில் பார்த்ததல்ல. விடுதியில் பக்கத்து அறை ஸ்டெல்லா சொன்னது. அவளுக்கும் யாரோ சொன்னதுதான். பேச்சில் ஒரு சொல் முன்பின் இருக்கலாம்.

ஆய்வு மாணவி முத்துப்பேச்சி எலிகளுக்கு ஒரு வைரஸைக் கொடுத்து, அதை எதிர்க்கும் வெள்ளை அணுக்களை எண்ணிவந்தாள். நோயின்போது அவை பெருகின. வைரஸ் ஒழிந்த சில வாரங்களில் பெரும்பாலானவை செத்துவிட்டன. தன் கைத்தவறு என்று நினைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். மறுபடியும் அப்படியே ஆயிற்று.

ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டுப் பேராசிரியர் லூர்து மேரியிடம் போனாள்.

"நான் படிப்பை விட்டுடுறேன் மேடம். என் கைபட்டா எல்லாம் செத்துப்போகுது."

"எலி செத்துடுச்சா?"

"இல்ல மேடம். எலி நல்லா ஓடுது."

"பின்னே?"

"சண்டை போட்ட அணுக்கள். ஜெயிச்சதுக்கு அப்புறம் செத்துப்போச்சு. நான்தான் சாம்பிளைச் சரியா குளிர்ல வைக்கல போல."

"அத்தனை அணுவையும் கொல்ற அளவுக்குப் பெரிய ஆளா நீ? வா."

எலிகள் வளர்க்கும் அறைக்குக் கூட்டிப்போனார். கடைசிக் கூண்டிலிருந்து ஒரு எலியை எடுத்து நீட்டினார்.

"கழுத்தைத் தொட்டுப் பாரும்மா."

இரண்டு பக்கமும் நெறி கட்டி, நெல்லிக்கொட்டைபோல உருண்டது.

"ஐயோ. இதுக்கு என்ன கிருமி குடுத்தீங்க மேடம்?"

"ஒண்ணும் குடுக்கல."

"அப்ப இந்தக் கட்டி?"

"இதோட அணுக்களுக்குப் பிறவியிலேயே சாகத் தெரியாது. உருவான அணுவெல்லாம் உள்ளேயே தங்கிடுச்சு. இப்ப இதோட சிறுநீரகத்தையே தாக்குது."

முத்துப்பேச்சி எலியைக் கூண்டில் விட்டாள். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப ஜெயிச்சதுங்களுக்குச் சாவுதான் மரியாதையா மேடம்?"

"உன் எலியில மிச்சம் ஒண்ணுமே இல்லையா?"

"கொஞ்சம் இருந்துச்சு. அதுவும் செத்துட்டிருக்குன்னு நினைச்சு எண்ணாம விட்டுட்டேன்."

"அது சாகாது. போய் எண்ணு."

அவள் எண்ணிக்கொண்டிருந்தபோது ஊர் பஸ் போய்விட்டது.

பிறகு பாடப்புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு எலி வகை உண்மையிலேயே இருக்கிறது. மற்ற எலிகளில், போரிட்ட அணுக்களில் பத்தில் ஒன்பது பங்கு நோய் தீர்ந்ததும் தாமாகவே சாகின்றன. மிச்சமுள்ளவை நெடுங்காலம் இருக்கின்றன. அதே கிருமி மறுபடி வந்தால் முதலில் எழுவது அவைதான்.