பாக்கியம் நடந்தபோது

சர்க்கரை வியாதியால் கால் புண்ணானவர்களுக்கு அளவெடுத்துச் செருப்பு செய்து கொடுப்பது தேவசகாயத்தின் தொழில். ஆம்பூர்க் கடைத்தெருவின் கோடியில் ஒற்றை அறைதான் கடை. தோல் வெட்டுவது அவர், தைப்பது மனைவி ரூபி, அடிப்பாகம் ஒட்டுவது அன்வர். மொத்தமே மூன்று பேர்.

அதே தெருவில் சுகுமார் கடை திறந்தான். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தோல் வெட்டியவர்கள். சுகுமாருக்குக் கோணல் இல்லாமல் வெட்ட வராது. இப்போது அவன் கடைக்குக் கண்ணாடிக் கதவு. அதை ஊருக்குச் சொல்ல ஒரு வீடியோ. ட்ரோன் மேலே பறந்து கடையைக் காட்டும். சீரியல் நடிகை ஒருத்தி புல்வெளியில் அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பாள். மூன்று லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

தேவசகாயம் அதைச் சாப்பிடும்போது பார்ப்பார். பார்த்துவிட்டால் சோறு இறங்காது.

"அந்தாளுக்கு நீங்கதான் பெரிய ரசிகர்" என்றாள் ரூபி.

ஆர்டர் குறைந்துகொண்டே வந்தது. அன்வரையும் சுகுமார் தன் கடைக்கு வேலைக்குக் கூப்பிட்டிருப்பதாகக் காதில் விழுந்தது. அன்றைக்குத்தான் தேவசகாயம் ஹசீனாவிடம் போனார்.

ஹசீனா கல்யாண வீடியோ எடுப்பவர். முப்பது வயதுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னக் கடைக்காரர்களுக்குச் செல்போனிலேயே விளம்பரம் எடுக்கச் சொல்லிக்கொடுத்தார். ஐம்பது வயது தேவசகாயம் கடைசி வரிசையில் மாணவராக உட்கார்ந்தார். வகுப்பு முடிந்ததும் கேட்டார்.

"டீச்சர், என்கிட்ட ட்ரோன் இல்ல, நடிகை இல்ல, செலவு பண்ண வழியும் இல்ல. ஆனா சுகுமாரைத் தூக்கிச் சாப்பிடற மாதிரி ஒரு வீடியோ வேணும். எங்கேருந்து ஆரம்பிக்கறது?"

"நாளைக்கு உங்க கடைக்கு வரேண்ணா. நீங்க எப்பவும் போல வேலையைப் பாருங்க."

சொன்னபடி வந்தார். செல்போனைச் செருப்புப் பெட்டிகளின் மேல் நிறுத்திவைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்.

பாக்கியம் வந்தார். சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவர். இடது கால் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். அந்தக் காலை ஊன்றப் பயந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார். இந்த வாரமும் போகாவிட்டால் வேலைக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்கள்.

"போன்ல எடுக்கறேன், பரவாயில்லையாக்கா?" என்று ஹசீனா கேட்டார்.

"என் காலையா? நல்லா எடும்மா."

அந்தக் காலுக்காகத் தேவசகாயம் செருப்பு அச்சை மாற்றி மாற்றி வைத்து, பிரித்துப் பிரித்துத் தைக்கவைத்திருந்தார். குனிந்து வாரை மாட்டிவிட்டார். அப்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

சுகுமார் புது வீடியோ போட்டிருந்தான். இந்தத் தடவை ஒரு டாக்டர் அவனைப் பாராட்டினார். போட்டுக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் எட்டாயிரம் பேர். தேவசகாயம் குனிந்தபடியே பார்த்தார். கண்ணெதிரே எண் ஏறிக்கொண்டே போனது.

பக்கத்தில் ஏதோ பேச்சுக் குரல் கேட்டது. நிமிராமலே தலையாட்டினார்.

அவர் நிமிர்ந்தபோது நாற்காலி காலி. பாக்கியம் போய்விட்டிருந்தார்.

"ஆரம்பிக்கலாமா டீச்சர்?"

"எடுத்து முடிச்சாச்சுண்ணா."

ஹசீனா போனை அவர் கையில் கொடுத்தார்.

முன்னால் தேவசகாயம், தலை கவிழ்ந்து, திரையை நகத்தால் தள்ளிக்கொண்டு. அவருக்குப் பின்னால் பாக்கியம் எழுந்திருந்தார். சுவரில் கை வைத்து ஓரடி வைத்தார். கையை எடுத்தார். வாசல்வரை நடந்து திரும்பினார். மறுபடியும் நடந்தார், இந்த முறை வேகமாக. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தன் காலையே பார்த்துச் சிரித்தார். ரூபி தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். பசைக் கையோடு அன்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சர்!" தேவசகாயத்தின் குரல் உயர்ந்தது. "இதுல என்னை மட்டும் வெட்டி எடுத்துட்டுப் போட்டா போதும். சுகுமார் காலி!"

"வெட்டிடலாம். முழுசாப் பாருங்க."

திரையில் பாக்கியம் தேவசகாயத்தின் பக்கம் வந்தார். அவர் தோளைத் தொட்டார். நிமிரவில்லை என்றதும் குனிந்து, காதோடு ஏதோ சொன்னார். சொல்லும்போது பாக்கியத்தின் முகம் கோணிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. திரையில் இருந்த தேவசகாயம் தலையாட்டினார். பாக்கியம் கண்ணைத் துடைத்தபடி வெளியே போனார்.

தேவசகாயம் அந்த இடத்தைத் திரும்ப ஓடவிட்டார். ஹாரன்தான் கேட்டது. சத்தத்தைக் கூட்டி, போனைக் காதில் ஒட்டிவைத்துக் கேட்டார். அப்போதும் ஹாரன்தான்.

ரூபியைப் பார்த்தார். அவள் தெரியாது என்பதுபோல் தலையசைத்தாள்.

"டீச்சர், அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"எனக்கெப்படிண்ணா தெரியும்? உங்க காதுலதானே சொன்னாங்க."