நீலம் போகாத மணிகள்

"மாதா என் செபத்த ஏத்துக்க மாட்டேங்கா, சிஸ்டர்" என்றாள் கித்தேரியம்மாள்.

கையில் அறுந்துபோன செபமாலை இருந்தது. நூற்றைம்பத்து மூன்று மணி கோத்த நீள மாலை.

கடற்கரைக் கன்னியர் மடத்தில் செபமாலை கட்டுகிறவர் சிஸ்டர் அமலோற்பவம். வயதுக்குக் கித்தேரியம்மாளின் மகளாக இருக்கலாம். பேச்சு என்னவோ மாமியார் பேச்சு.

"மாதா வந்து சொன்னாளா?"

"புயல்ல மாட்டுன எம் மவன் உசிரோட கரை சேந்தா, ஒரே இருப்புல நூத்தம்பத்துமூணு மணியும் சொல்லுதேன்னு நேந்தேன். பய வந்துட்டான். நாந்தான் இன்னும் முடிக்கல."

"ஏன்?"

"பராக்கு வந்துருது. மனசு எங்கயோ போயிருது. அப்படிச் சொன்ன செபம் சேருமா? மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சிருவேன்."

நேர்ச்சை முடியாமல் மகனைக் கடலுக்கு விடுவதில்லை என்று பிடிவாதம். ஊரே சாளை மீனை அள்ளிக்கொண்டு வந்தது. மகன் சந்தியாகுவின் வள்ளம் மட்டும் மணலில் காய்ந்தது. அவன் இப்போது மடத்து வாசலில் நின்று காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். பாவம், நல்ல பிள்ளை. அம்மாவை மீறிப் பழக்கமில்லை.

சிஸ்டர் குறடால் கம்பியை முறுக்கி மாலையை இணைத்தார். பிறகு மணிகளை ஒவ்வொன்றாக விரலில் உருட்டிப் பார்த்தார்.

"இது எப்ப வாங்கினது?"

"நேர்ச்சைக்குன்னே வாங்கினது."

"முதல் ரெண்டு பத்து மணியும் சாயம் போயி வெறுங்கட்டையா நிக்கி. மத்ததெல்லாம் கடையில இருந்த மாதிரி நீலமாவே இருக்கே?"

கித்தேரியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்தப் பக்கம் நான் போனதே இல்ல, சிஸ்டர்."

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"மணி எதுக்கு வந்துச்சு தெரியுமா?"

"செபம் சொல்ல."

"செபம் சொல்ல வாய் போதாதா?"

சிஸ்டர் குறடைக் கீழே வைத்தார்.

"அந்தக் காலத்துல மடத்துச் சாமியாருங்க நூத்தம்பது சங்கீதத்தையும் படிப்பாங்க. எழுத்துத் தெரியாதவங்க அதுக்குப் பதிலா நூத்தம்பது தடவ பரலோக மந்திரம் சொன்னாங்க. பையில கல்ல வச்சுக்கிட்டு, ஒண்ணு சொன்னா ஒண்ண எடுத்துப் போடுவாங்க. பொறவு கயித்துல முடிச்சுப் போட்டாங்க. பொறவுதான் மணி. மாதாவுக்குச் சொல்லுத அருள்நிறைந்த மந்திரமும் இந்த வரிசையில வந்து சேந்துக்கிட்டதுதான்."

"கல்லு எதுக்கு?"

சிஸ்டர் இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளை எடுத்து முன்னால் வைத்தார். ஒன்றில் உதிரி மணிகள் கிடந்தன. மற்றது காலி.

"ஒரு மந்திரத்துக்கு ஒரு மணி. போடுங்க."

கித்தேரியம்மாள் கண்ணை மூடிச் சொல்லத் தொடங்கினாள். ஒன்று விழுந்தது. இன்னொன்று விழுந்தது. சிரட்டையின் அடி மறைகிற நேரம் சிஸ்டர் கேட்டார்:

"சந்தியாகு சாப்பிட்டானா?"

"எங்க சாப்பிட்டான்? காலையில ஒரு வாய் கஞ்சி..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். விழுந்த மணிகளையெல்லாம் திரும்பக் கொட்டச் சிரட்டையைத் தூக்கினாள்.

சிஸ்டர் அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"பராக்கு வந்துட்டே சிஸ்டர்!"

"வரும்னுதான் கல்லு. மனசு போயிட்டு வந்தாலும் விழுந்த கல்லு விழுந்ததுதான்."

கித்தேரியம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். சிரட்டையைக் கீழே வைத்தாள்.

இணைத்த மாலையை வாங்கிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். சிலுவை அடையாளம் வரைந்தாள்.

வெறுங்கட்டை மணிகள் நகர்ந்தன. நடுவில் மனம் வள்ளத்துக்குப் போனது, கஞ்சிப் பானைக்குப் போனது, திரும்பி வந்தது. விரல் நிற்கவில்லை. முதல் நீல மணி வந்தபோது அதை ஒருமுறை தடவிப் பார்த்தாள். அதுவும் நகர்ந்தது. பத்து மணிக்கு ஒரு தேவ ரகசியமாக நான்கு பத்துகள் முடிந்தன.

"ஐந்தாம் தேவ ரகசியம்" என்றாள். "காணாமற்போன மகனைத் தாய் கோயிலில்..."

வாசலில் தலை ஒன்று எட்டிப் பார்த்தது.

"எம்மா, மறுபடியும் முதல்ல இருந்தா?"

கித்தேரியம்மாள் செபத்தை நிறுத்தினாள். மகனை ஆசை தீரப் பார்த்தாள். இல்லை என்று தலையை ஆட்டினாள். வள்ளத்தைத் தயார் பண்ணச் சொல்லிக் கடல் பக்கம் கையைக் காட்டினாள்.

அவன் ஓடினான்.

"...கண்டடைந்தது" என்று முடித்துவிட்டு, அடுத்த நீல மணியைப் பிடித்தாள்.